உப்புத்தாள் போடாத கிண்ணங்கள்

மரக் கிண்ணம் கடைகிறேன் என்று சொன்னால், "அதில் என்ன போட்டு வைப்பது?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஒன்றும் போட்டு வைக்க முடியாது, அவ்வளவு மெலிசு. ஒரு கை வேர்க்கடலையைக் கொட்டினால் அடி விட்டுவிடும். தண்ணீர் ஊற்றினால் ஊறிக் கோணிக்கொள்ளும். பக்கத்து வீட்டு அம்மாள் ஒன்றை ஆசையாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். பாத்திரம் வெறுமனே இருக்க அவருக்கு மனசு கேட்கவில்லை. குங்குமத்தைக் கொட்டி, மேலே இரண்டு விரலி மஞ்சளையும் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். வாரம் திரும்புவதற்குள் அதைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து நின்றார்.

"அண்ணாத்தே, இது விரிசல் உட்டுக்கினு கீது. கம் போட்டு ஒட்டிக் குடேன்."

என் மனைவிதான் பதில் சொன்னாள். "அதுல ஒண்ணும் போடக்கூடாதுக்கா. சொம்மா வெச்சிப் பாக்கணும்."

"சொம்மா பாக்கறதுக்கு இன்னாத்துக்குக் கிண்ணம்? காலண்டர் மாட்டிக்கினா போவுது."

அவர் கேட்டது நியாயம்தான். மனைவி அவர் போனபிறகு வெகுநேரம் சிரித்தாள். சிரித்து முடிக்கும்போது மூச்சு வாங்கியது. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

நான் தச்சன் இல்லை. லேத் மெஷினில் இரும்பு கடைகிற டர்னர். பாடியில் ஒரு கம்பெனியில் வண்டி என்ஜினுக்கு வால்வு கடைந்துகொண்டிருந்தேன். தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குவரை அளவு பார்க்கும் வேலை. கம்பெனி ஊருக்கு வெளியே தள்ளிப் போனபோது என் வயதுக்காரர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. திருநின்றவூரில் வாடகை வீட்டில் நானும் மனைவியும்தான். அவளும் அம்பத்தூரில் ஒரு துணி கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். ரயில் ஏறி இறங்க முடியவில்லை, படி ஏறினால் இளைக்கிறது என்று எனக்கு முன்பே நின்றுவிட்டாள்.

வேலை போன ஆளுக்குப் பகல் எவ்வளவு நீளம் என்பது வேலைக்குப் போகிறவர்களுக்குப் புரியாது. போனைத் தேய்த்துக்கொண்டு கிடந்தேன். அதில் ஒருநாள் எவனோ ஒரு வெள்ளைக்காரன் மரக் கிண்ணம் கடைவதைப் பார்த்தேன். கடைந்து முடித்து அதற்குள் ஒரு பல்பை வைத்தான். கிண்ணம் முழுக்க வெளிச்சம் ஊடுருவி, பழுத்த பப்பாளிபோல் நின்றது. எனக்கு அதில் பிடித்தது அழகு இல்லை. இது என்ன பெரிய வேலை, இரும்பைக் கடைந்தவனுக்கு மரம் எம்மாத்திரம் என்ற திமிர்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் மூடிப்போன ஒரு பட்டறையிலிருந்து சின்ன லேத் ஒன்றைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கிவந்து, வீட்டின் முன்னால் தகர ஷீட் இறக்கிய இடத்தில் போட்டேன்.

மரத்துக்கு எங்கள் பக்கம் பஞ்சமில்லை. மனை விற்றால் முதலில் விழுவது அதிலிருக்கும் மாமரம், அப்புறம் வேம்பு. வெட்டுகிற ஆட்களிடம் கேட்டால், தூக்கிக்கொண்டு போனால் போதும் என்று கொடுத்துவிடுவார்கள்.

ஆரம்பத்தில் காய்ந்த மரத்தைத்தான் கடைந்தேன். காய்ந்த மரம் சொன்ன பேச்சைக் கேட்கும், ஆனால் தூசி. கடைவதில் வரும் தூசியைவிட, கடைந்தபிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது வருகிற தூசி பொல்லாதது. மாவுபோல் பறக்கும். மின்விசிறி இறக்கையில், சாமி படத்தில், உலர்த்திய துணியில், ரசத்தில்கூட அது கிடந்தது. மனைவி துடைத்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நாளில் அவளுக்கு இளைப்பு அதிகமானது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணைமேல் தலையணையாக அடுக்கிச் சாய்ந்து தூங்க ஆரம்பித்தாள்.

ஸ்டேஷன் ரோட்டில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். வீசிங் என்றார். வாயில் வைத்து இழுக்கிற மருந்து எழுதினார். பிறகு கேட்டார்: "வீட்டுல தூசி வர்ற மாதிரி வேலை ஏதாச்சும் நடக்குதாம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "அதெல்லாம் இல்ல சார். வெளிய லாரிதான் போவுது."

வெளியே வந்ததும் எனக்குக் கோபம் வந்தது. மருந்துக் கடை வாசலிலேயே கத்தினேன். "டாக்டர் கைல பொய் சொல்லிக்கினு கீற. இன்னாமே நெனப்பு ஒனக்கு?"

"உண்மையச் சொன்னா நீ மெஷின வித்துடுவ. அப்பால காலைலேர்ந்து ஊட்ல குந்திக்கினு, கொழம்புல உப்பு கம்மி, தோசை கருகிப்போச்சின்னு என்னிய நோண்டிக்கினு இருப்ப. அதுக்கு இந்த இளைப்பே தேவலாம்யா."

சொன்னது முழுக்க உண்மை என்பதால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. பேருந்து நிறுத்தம் வரை விறுவிறுவென்று நடந்தேன். அவள் பின்னால் நின்று நின்று வந்தாள். அங்கே எந்தத் தூசியும் இல்லை, முந்தின நாள்தான் மழை பெய்து தெரு கழுவிவிட்டதுபோல் இருந்தது. அதை அப்போது நான் யோசிக்கவில்லை.

அன்றைக்கு நான் எனக்கே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். இனி இந்த வீட்டில் தூசி கிளம்பக்கூடாது. மெஷினும் இருக்கவேண்டும், அவள் மூச்சும் இருக்கவேண்டும். காய்ந்த மரத்தைத் தொடுவதில்லை. வெட்டிய ஈரம் மாறாத பச்சை மரம் மட்டும். பச்சை மரத்தைக் கடைந்தால் தூள் வராது, ஈரமான நாடாவாகச் சுருண்டு சுருண்டு விழும், தண்ணீர் மூஞ்சியில் தெறிக்கும். உப்புத்தாள் அறவே கிடையாது.

சொல்வது சுலபம். பச்சை மரம் மெலிதாகிற நிமிஷத்திலிருந்தே காய ஆரம்பிக்கிறது. காயும்போது ஒரு பக்கம் அதிகமாகவும் ஒரு பக்கம் குறைவாகவும் சுருங்குகிறது. வட்டம் முட்டையாகிவிடுகிறது. சுற்றுகிற முட்டையின்மேல் உளியை வைத்தால் மேட்டில் அடிக்கும், பள்ளத்தில் காற்றில் போகும். அப்புறம் கையில் கிண்ணம் இருக்காது, சில்லுதான் இருக்கும். ஆகவே விளிம்பில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கி, நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் முடிக்கவேண்டும். கடைந்த இடத்துக்குத் திரும்பி வரவே கூடாது.

இங்கேதான் என் தொழில் என்னைக் கெடுத்தது. இரும்பில் நாங்கள் அப்படிச் செய்வதில்லை. முதல் வெட்டில் இரும்பு சூடாகிவிடும், சூட்டில் அளவு சரியாகக் காட்டாது. ஆறவிடவேண்டும். மெஷினை நிறுத்திவிட்டு டீக்குப் போவோம். திரும்பி வந்து ஆற அமரக் கடைசி வெட்டுப் போடுவோம். டீ என்பது எங்களுக்கு வேலையின் நடுவில் வரும் ஓய்வு இல்லை, வேலையிலேயே ஒரு பகுதி. மனைவி நாலு மணிக்கு டம்ளரோடு வந்து நிற்பாள். என் கை என்னைக் கேட்காமலே சுவிட்சை அணைத்துவிடும். ஆற்றிக் குடித்துவிட்டு வந்து உளியை வைத்தால், டப் என்று ஒரு சத்தம். விளிம்பு தகரக் கூரையில் அடித்துவிட்டு வந்து விழும்.

ஒருமுறை இல்லை, பலமுறை. தெரிந்தே செய்தேன். நிறுத்தக்கூடாது என்று மனசு சொல்லும், டம்ளரைப் பார்த்ததும் கை நிறுத்திவிடும். கடைசியில் எரிச்சலில் அவள்மேல் பாய்ந்தேன்.

"ஒனக்கு இன்னா அவசரம்? வேலை முடிஞ்சி கொண்டாந்தா ஆவாதா?"

"நல்லா கீதுயா கதை. கிண்ணம் ஒடஞ்சதுக்கு டீ போட்டவதான் அக்யூஸ்டா?" என்றவள், மறுநாளிலிருந்து டீ கொண்டுவருவதை நிறுத்திவிட்டு பல்பு பிடிக்க வந்து நின்றாள்.

மெலிதான கிண்ணத்துக்கு வெளிச்சம்தான் அளவுகோல். அளவு பார்க்கும் வெர்னியர் காலிபரை, சுற்றிக்கொண்டிருக்கும் மரத்தில் வைக்க முடியாது. வெளிப்புறத்தை முதலில் கடைந்து முடித்துவிட்டு, வெளியே ஒரு பல்பைக் காட்டிக்கொண்டு உள்புறத்தைக் கடையவேண்டும். தடிமனாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. மெலிய மெலிய உள்ளே முதலில் இருட்டுச் சிவப்பு தெரியும், பிறகு செங்கல் நிறம், பிறகு ஆரஞ்சு. மாமரத்தில் மஞ்சள் வந்ததும் கையை எடுத்துவிடவேண்டும். ஒரே நிறம் சுற்றிலும் வந்தால் ஒரே கனம். எனக்கு இரண்டு கையும் உளியில் இருக்கும். அவள் ஒரு கையில் பல்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால், இஸ்திரிக்காரர் துணிக்குத் தெளிப்பதுபோல் மரத்துக்குத் தண்ணீர் அடிப்பாள். ஈரம் போனால் கோணிவிடுமே.

உப்புத்தாள் இல்லாமல் வழவழப்பு வரவேண்டும் என்பதற்காக நான் செய்துபார்க்காத கூத்து இல்லை. கீழே விழுந்த சுருளையே கை நிறைய அள்ளி, ஓடும் கிண்ணத்தின்மேல் அழுத்தித் தேய்த்தேன். வேம்பில் அது நன்றாக வந்தது, கை கசந்தது. பெரிய அண்டாவில் வெந்நீர் வைத்துக் கிண்ணங்களை அவித்துப் பார்த்தேன். தவிட்டு மூட்டைக்குள் புதைத்துக் காயவைத்தேன். சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். கடுக்காயை நசுக்கி ஊறவைத்துப் பூசி, அதன்மேல் துருப்பிடித்த ஆணி ஊறிய புளித்த காடியைத் தடவினேன். மரம் கண்ணெதிரே கறுத்தது. காய்ந்தபிறகு எல்லாமே பொரித்த அப்பளம்போல் நெளிந்துகொண்டு நின்றன. சில நெளிவுகள் அழகாகவே இருந்தன. ஆனால் தடவிப் பார்த்தால் உளி போன கோடுகள் கையில் தட்டுப்பட்டன. முகப்பேரில் அலங்காரப் பொருள் விற்கிற ஒரு கடைக்கார அம்மாள் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு சார், இன்னும் கொஞ்சம் ஸ்மூத்தா பண்ணிக் கொண்டாங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"தேய்ச்சிடேன்யா. ஒரு நாள்தானே. நான் உள்ள கதவச் சாத்திக்கினு குந்திக்கறேன்" என்றாள் மனைவி.

நான் மாட்டேன் என்றேன்.

உண்மையில் எனக்கு அலுத்துப்போய்விட்டது. கிண்ணம் கடைவதில் இல்லை, கழுவுவதில். வேலை முடிந்ததும் ஈரச் சுருளை மூட்டை கட்டவேண்டும், காய்ந்தால் பறக்கும். தரையைக் கழுவவேண்டும். ஷீட்டையும் சுவரையும் கழுவவேண்டும். வெளிக்குழாயிலேயே குளித்து, உடுப்பை வாளியில் முக்கிவிட்டு ஈரத் துண்டோடு உள்ளே போகவேண்டும். ஜன்னலுக்கு ஈரச் சாக்கு கட்டினேன். ஊதுபத்தியை நிறுத்தினேன், கொசுவத்தியை நிறுத்தினேன், தாளிக்கும்போது அவளை வெளியே அனுப்பிவிட்டு நானே தாளித்தேன். தெருவில் வீடு கட்ட மணல் கொட்டியவனோடு சண்டை போட்டேன். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் துரத்திக்கொண்டு எத்தனை நாள் ஓடமுடியும்? இவ்வளவுக்கும் பிறகு அவள் இளைப்பு ஒரு துளிகூடக் குறையவில்லை. ஒவ்வொரு காலையும் அவள் எழுந்து உட்காரும் சத்தத்தைக் கேட்டே அன்றைய நாள் எப்படி என்று கண்டுபிடித்துவிடுவேன். பெரும்பாலும் மோசம்தான். நான் எங்கோ தூசியை விட்டுவிட்டேன் என்று மறுபடியும் துணியை நனைப்பேன்.

பிறகு அந்தக் கிண்ணம் வந்தது. ஆவடிப் பக்கம் ஒரு வீட்டில் வெட்டிய மாமரம், வெட்டிய ஈரத்தோடு கொண்டுவந்தது. காலையிலேயே ஆரம்பித்தோம். சுற்றிலும் குளியலறைபோல் தண்ணீர். மரம் அத்தனை ஒழுங்காக வெட்டுப்பட்டது. விளிம்பிலிருந்து மஞ்சள் வெளிச்சம் ஒரே சீராக உள்ளே இறங்கிக்கொண்டு வந்தது. உளி போன தடம்கூடத் தெரியவில்லை. இதற்கு உப்புத்தாளே தேவைப்படாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இவ்வளவு நாளில் முதல்முறையாகச் சந்தோஷமாக இருந்தேன்.

பாதிக்குமேல் இறங்கியபோது உள்ளே வெளிச்சம் ஆடியது.

"லைட்ட ஆட்டாதமே."

"நான் எங்க ஆட்டறேன்?"

மறுபடியும் ஆடியது. இன்னும் கொஞ்சம்தான், நிறுத்தினால் போய்விடும். திட்டுவதற்காகத் திரும்பினேன். அவள் பல்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து, தோள் இரண்டும் ஏறி இறங்க மூச்சு இழுத்துக்கொண்டிருந்தாள். உதடு கறுத்திருந்தது. புடவைக்குக் கீழே கணுக்கால்கள் வீங்கியிருந்தன. எப்போதிலிருந்து வீங்கியிருக்கின்றன என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

சுவிட்சை அணைத்தேன். "இன்னாத்துக்கு நிறுத்தற, முடியப்போற நேரத்துல" என்று அப்போதும் கேட்டாள். அவளை நாற்காலியில் உட்காரவைத்தேன். சுற்றிலும் பார்த்தேன். தரை ஈரம், சுவர் ஈரம், என் கை ஈரம். தூசி என்று சொல்ல ஒரு துகள்கூட இல்லை. ஆட்டோ பிடிக்க ஓடினேன்.

இந்தத் தடவை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். படம் எடுத்தார்கள், மார்பில் பசைபோல் எதையோ தடவி டி.வி.யில் பார்த்தார்கள். மகள் வயதில் ஒரு டாக்டரம்மா வந்து மனைவியிடம் கேட்டார்.

"சின்ன வயசுல காய்ச்சல் வந்து, முட்டியெல்லாம் வீங்கி, நடக்க முடியாம இருந்தீங்களாம்மா?"

அவள் யோசித்தாள். "ஆமாம்மா. பூந்தமல்லில எங்கம்மா ஊட்ல இருந்தப்போ. பள்ளிக்கூடம்கூடப் போவல. தூக்கிக்கினுதான் போவாங்க. அப்பால சரியாப் பூடுச்சே."

"சரியாகலம்மா. அந்தக் காய்ச்சல்தான் இதயத்துல ஒரு வால்வைக் கெடுத்து வச்சிருக்கு. ரொம்பச் சுருங்கிப்போச்சு. இது வீசிங் இல்ல."

வால்வு என்றதும் எனக்குள் ஒரு முட்டாள்தனமான தைரியம் வந்தது. நான் கடைந்த பொருள்தானே. தேய்ந்தால் மாற்றிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போவார்கள். ஆனால் டாக்டரம்மா வேறுமாதிரி பேசினார். நெஞ்சைத் திறக்கவேண்டும், அதற்கு முன்னால் நுரையீரலில் ஏறியிருக்கும் நீரை இறக்கவேண்டும், இவ்வளவு காலம் விட்டதில் இதயம் பெரிதாகிவிட்டது, ஆபரேஷனை உடம்பு தாங்குமா என்று இன்னும் சில பரிசோதனை செய்துதான் சொல்லமுடியும் என்றார்.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "மேடம், ஊட்ல லேத் போட்டுக்கீறேன். மரத் தூசி. அதனாலயா?"

"தூசியால இப்படி வராதுங்க. உங்க மெஷினுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

இந்தச் சொல்லை யாராவது சொல்லமாட்டார்களா என்றுதான் அத்தனை நாளும் தரையைக் கழுவிக்கொண்டிருந்தேன். இப்போது கேட்டதும், ஐயோ, தூசியாக இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. தூசி என்றால் மெஷினை அன்றைக்கே விற்றிருப்பேன். வீட்டை மாற்றியிருப்பேன். அது என் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. இது எங்கே இருக்கிறது? நான் அவளைப் பார்ப்பதற்கும் முன்னால், அவள் பள்ளிக்கூடம் போகாமல் கிடந்த ஏதோ ஒரு நாளில் இருக்கிறது. அங்கே போய் நான் எதைக் கழுவுவேன்?

நீரை இறக்க மாத்திரை கொடுத்து, பரிசோதனைக்கு வரச்சொல்லி அனுப்பினார்கள். ஆட்டோவில் அவள் என் தோளில் இடித்தாள்.

"இன்னாயா, மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு வர? மெஷின் மேல தப்பு இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாங்க. இனிமே நீ தாராளமா உப்புத்தாள் போடலாம்."

நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் அவளே அலமாரியிலிருந்து காய்ந்த கிண்ணங்களில் ஒன்றை எடுத்து வந்தாள். நாற்காலியை மெஷினுக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாள். வேண்டாம் என்றேன். "போடுயா. ஒன்னாவது முழுசா முடிச்சி நான் பாக்கணும்" என்றாள். அந்தச் சொல்லுக்கு மேல் மறுக்க முடியவில்லை. மெஷினில் பாதியில் விட்ட கிண்ணம் கோணிப்போயிருந்தது, அதைக் கழற்றிவிட்டு இதை மாட்டி, உப்புத்தாளை மடித்து அழுத்தினேன். மாமரத் தூள் புகையாகக் கிளம்பியது. பழக்கத்தில் முந்தானையை எடுத்து மூக்கில் வைத்தவள், பிறகு அதைக் கீழே விட்டுவிட்டாள். தூசி அவள் தலைமுடியிலும் மடியிலும் படிந்தது. அவள் எப்போதும்போல் தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கிக்கொண்டு, கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தூசிக்கு ஒரு தடவையாவது இருமமாட்டாளா என்று காத்துக்கொண்டே நான் தேய்த்தேன்.